‘அவங்க சரித்திரம்’ என்று சொல்லலாமா?

2025-ஆம் ஆண்டு தீபாவளிக்கு இரண்டு வாரம் இருக்கும்போது எங்கள் வீட்டில் நடந்த ஒரு சின்னச் சம்பவத்தைச் சொல்லிவிட்டு விஷயத்துக்கு வருகிறேன். இது எங்கள் வீட்டில் மட்டும் நடப்பதல்ல, மும்பையில் வாழும் நம்மவர் பலர் வீட்டிலும் நடப்பதுதான் என்று நினைப்பதால் எழுதுகிறேன்.

என் பேரன் மாநிலப் பாடத்திட்டப் பள்ளி ஒன்றில் நான்காம் வகுப்பு. மகாராஷ்டிரத்தில் நான்காம் வகுப்புச் சரித்திரம் என்றால் நெடுங்காலமாகவே சிவாஜி மகாராஜாவின் சரித்திரம்தான். தீபாவளி விடுமுறைக்குள் ஒரு கோட்டை செய்து கொண்டுவர வேண்டும் என்று டீச்சர் சொல்லி அனுப்பியிருந்தார். இரவு ஒன்பது மணிக்கு லோக்கல் ரயிலில் நசுங்கி வந்து சேர்ந்த என் மகனிடம் பையன் இதைச் சொன்னான். மகன் செருப்பைக் கழற்றிக்கொண்டே, "தாதர்ல ரெடிமேடா கிடைக்கும், வாங்கிக்கலாம். அது அவங்க ஹிஸ்டரிடா. மார்க் வந்தா போதும்" என்றான்.

பையன் நேராக என்னிடம் வந்தான். "அப்ப நம்ம ஹிஸ்டரி எது தாத்தா?"

எனக்கென்ன பதிலுக்குப் பஞ்சமா? ராஜராஜ சோழன், தஞ்சாவூர்ப் பெரிய கோயில், கல்லணை என்று ஆரம்பித்தேன். அவன் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அதெல்லாம் ஊர்ல இருக்கு தாத்தா. இங்க நமக்கு ஒண்ணும் இல்லையா?" என்றான்.

ஐம்பது வருஷத்துக்கு மேலாக இந்த ஊரில் இருப்பவன் நான். 1974-இல் மெட்ராஸ் மெயிலில் வந்து, அப்போது விக்டோரியா டெர்மினஸ் என்று பெயர் இருந்த ஸ்டேஷனில் ஒரு தகரப் பெட்டியோடு இறங்கியவன். இங்கேயே சம்பாதித்து, இங்கேயே பிள்ளைகளைப் படிக்க வைத்து, ஓய்வும் பெற்றுவிட்டேன். அந்தக் கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை. அதைவிட வருத்தம், என் மகன் சொன்ன வாக்கியம் அவனுடைய சொந்த வாக்கியம் அல்ல. 1988-இல் அவன் நான்காவது படிக்கும்போது நான் அவனிடம் சொன்னதுதான் அது. கேள்வி பதிலை மனப்பாடம் செய்யச் சொல்லி, "அவா சரித்திரம், மார்க் வந்தா போதும்" என்று சொன்னவன் நானேதான். முப்பத்தேழு வருஷம் கழித்து வட்டியோடு திரும்பி வந்தது.

நம் பிள்ளைகளின் நிலையைச் சற்று யோசித்துப் பாருங்கள். கோடை விடுமுறைக்கு ஊருக்குப் போனால் 'பம்பாய்க்காரப் பையன்'. இங்கே பள்ளியில் 'மதராசி'. ஊர்ச் சரித்திரத்தை இங்கே யாரும் பாடமாக வைப்பதில்லை. இங்குள்ள சரித்திரத்தை நாமே 'அவங்களது' என்று தள்ளிவிடுகிறோம். ஆக, இரண்டு சரித்திரமும் இல்லாத ஒரு தலைமுறையை வளர்க்கிறோம். எந்த மண்ணில் நிற்கிறோம் என்று தெரியாத பிள்ளை, அந்த மண்ணில் தயங்கித்தான் நிற்கும்.

என் கருத்து இதுதான். மகாராஷ்டிரத்தின் சரித்திரம் நம் பிள்ளைகளின் சொந்தச் சரித்திரம். அதை மார்க்குக்காக அல்லாமல், உரிமையோடு அவர்கள் கற்க வேண்டும். பள்ளி பாதியைச் செய்யும். மீதியைச் செய்ய வேண்டியவர்கள் பெற்றோரும், தாத்தா பாட்டிகளும், நம் சங்கத்தின் ஞாயிறு தமிழ் வகுப்பும்தான்.

கொலுப் பூங்காவும் கில்லாவும்

கோட்டைக் கதைக்கு வருகிறேன். நவராத்திரி முடிந்து கொலுப்படி பிரித்தாகிவிட்டது. ஆனால் கொலுவுக்கு முன்னால் பேரன் போட்டிருந்த 'பார்க்' மட்டும் பால்கனியில் ஒரு பழைய தாம்பாளத்தில் கிடந்தது. செம்மண் பரப்பி, கேழ்வரகும் கடுகும் தூவி, நாலைந்து நாளில் பச்சைப் பசேலென்று முளைத்து, பிறகு வாடத் தொடங்கியிருந்தது. எதிர் வீட்டு மராத்திப் பாட்டி, கட்டடம் முழுவதும் 'ஆஜி' என்று கூப்பிடும் அந்த அம்மாள், எதற்கோ வந்தவர் அதைப் பார்த்துவிட்டார். "அரே, ஹா தர் கில்லாச் ஆஹே!" என்றார். இது கோட்டையேதானே என்று அர்த்தம்.

மகாராஷ்டிரத்தில் தீபாவளிக்குப் பிள்ளைகள் வீட்டு வாசலில் மண்கோட்டை கட்டுவது வழக்கம். கல்லை அடுக்கி, நனைத்த சாக்கைப் போர்த்தி, மேலே மண் பூசி, கடுகு தூவி முளைக்க விட்டு, உச்சியில் சிவாஜி மகாராஜாவையும் படிகளில் மாவளே வீரர்களையும் மண்பொம்மையாக நிறுத்துவார்கள். நம் வீட்டுக் கொலுப் பூங்காவுக்கும் அதற்கும் மண்ணும் ஒன்று, விதையும் ஒன்று. இத்தனை வருஷமாக இரண்டையும் பார்த்தும் எனக்கு இது உறைக்கவில்லை. ஆஜிக்கு ஒரு நொடியில் உறைத்தது.

அன்று மாலையே ரெடிமேட் கோட்டைத் திட்டம் கைவிடப்பட்டது. ஆஜி மேற்பார்வை. தாராவி கும்பார்வாடாவிலிருந்து களிமண் வந்தது. எந்தக் கோட்டை கட்டுவது என்று பேச்சு வந்தபோது நான் சொன்னேன், செஞ்சிக் கோட்டை கட்டுவோம் என்று. பையன், "அது தமிழ்நாட்டுல இருக்குன்னியே, டீச்சர் ஒத்துக்க மாட்டாங்க" என்றான். ஆஜி சிரித்துவிட்டு, "ஜிஞ்ஜியா? அது நம்முடையதும்தான்" என்றார்.

இங்கேதான் நாம் பாடத்தைச் சரியாகக் கவனிக்க வேண்டும். 1674 ஜூன் 6-ஆம் தேதி ராய்கட்டில் முடிசூட்டிக்கொண்ட சிவாஜி மகாராஜா, மூன்று வருஷம் கழித்து 1677-இல் தெற்கே படையெடுத்து வந்து செஞ்சியைப் பிடித்தார். திண்டிவனம்–திருவண்ணாமலை சாலையில் போகிறவர்கள் எல்லாரும் பார்த்திருக்கும் அந்த மூன்று மலைக் கோட்டைதான். அவர் 1680-இல் மறைந்தார். அவருக்குப் பின் மொகலாயர் ராய்கட்டையே பிடித்துவிட்ட நேரத்தில், அவருடைய இளைய மகன் ராஜாராம் தப்பி ஓடி வந்து அடைக்கலம் புகுந்ததும் இதே செஞ்சியில்தான். 1690 முதல் 1698 வரை மொகலாயப் படை அதை முற்றுகையிட்டுக் கிடந்தது. அந்த வருஷங்களில் மராட்டிய ராஜ்யத்தின் தலைநகரம் நம் விழுப்புரம் மாவட்டத்தில் இருந்தது என்றால் எத்தனை பேருக்குத் தெரியும்? தேசிங்கு ராஜன் கதை தெரிந்த நமக்கே இது தெரியாது.

2025 ஜூலையில் யுனெஸ்கோ நிறுவனம் 'மராட்டியர் ராணுவ நிலப்பரப்புகள்' என்று பன்னிரண்டு கோட்டைகளை உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது. அவற்றில் பதினொன்று மகாராஷ்டிரத்தில். ராய்கட், ராஜ்கட், பிரதாப்கட், சிவ்நேரி, பன்ஹாளா, சிந்துதுர்க் எல்லாம் அதில் உண்டு. பன்னிரண்டாவது, தமிழ்நாட்டின் செஞ்சி. இதைவிட நல்ல பாடம் மும்பைத் தமிழ்ப் பிள்ளைக்கு வேறு எது?

கோட்டை கட்டும்போது பிள்ளைகளிடம் கேட்க வேண்டிய கேள்விகள் சில இருக்கின்றன. தண்ணீர் எங்கே? மலை உச்சியில் எட்டு வருஷம் முற்றுகை தாங்க வேண்டுமானால் எத்தனை குளம் வேண்டும்? தானியத்தை எங்கே வைப்பாய்? வாசற்கதவை நேருக்கு நேர் வைத்தால் யானையை விட்டு இடிப்பார்களே, என்ன செய்வாய்? ராய்கட்டின் பெரிய வாசல் இரண்டு கொத்தளங்களுக்கு நடுவே மறைந்து நிற்கும். கிட்டப் போனால்தான் தெரியும். ஏன் அப்படி என்று கையில் மண்ணோடு உட்கார்ந்திருக்கும் பிள்ளை தானே கண்டுபிடித்துவிடும். புத்தகத்தில் 'கோட்டைகளின் முக்கியத்துவம், ஐந்து மதிப்பெண்' என்று இருப்பதை அது பிறகு மனப்பாடம் செய்யவே வேண்டாம்.

பெரிய கோயில் சுவரில் இருந்த எழுத்து

நான் தஞ்சை மாவட்டத்துக்காரன். சிறு வயதில் எத்தனையோ முறை பெரிய கோயிலுக்குப் போயிருக்கிறேன். அங்கே ஒரு சுவரில் நாகரி எழுத்தில் நீளமாக ஏதோ வெட்டியிருக்கும். 1965-இல் இந்தி எதிர்ப்பு ஊர்வலத்தில் கோஷம் போட்ட பையன் நான். அது இந்தி என்று நினைத்து முறைத்துவிட்டு வந்திருக்கிறேன்! அது மராத்தி என்பது வெகு காலம் கழித்துத்தான் தெரிந்தது. தஞ்சையை ஆண்ட இரண்டாம் சரபோஜி மன்னர் 1803-இல் தம் போன்ஸ்லே வம்சத்தின் கதை முழுவதையும் அங்கே கல்லில் வெட்டி வைத்தார். மராட்டியரின் சரித்திரத்தைச் சொல்லும் மிக நீளமான மராத்திக் கல்வெட்டு ஒன்று சோழன் கட்டிய கோயிலில் இருக்கிறது.

சிவாஜி மகாராஜாவின் மாற்றாந்தாய் வழித் தம்பி ஏகோஜி தஞ்சையைப் பிடித்ததில் தொடங்கி, 1855 வரை அந்த வம்சம் அங்கே இருந்தது. 1677-இல் அண்ணனும் தம்பியும் கொள்ளிடக் கரையில் சந்தித்தார்கள். எதற்கு? அப்பா சொத்தில் பாதிப் பங்கு வேண்டும் என்றார் அண்ணன். பேச்சு முறிந்தது, சண்டையும் நடந்தது, பிறகு சமாதானம் ஆயிற்று. பெரிய வீரர்கள் வீட்டிலும் பாகப்பிரிவினைச் சண்டை உண்டு என்பதைப் பிள்ளைகள் நம்மைவிட நன்றாகப் புரிந்துகொள்கிறார்கள்.

அங்கே போன மராட்டியர் என்ன ஆனார்கள்? சரஸ்வதி மகால் நூலகத்தை வளர்த்தார்கள். தமிழ்ப் புலவர் கொட்டையூர் சிவக்கொழுந்து தேசிகர் சரபோஜியைப் பாட்டுடைத் தலைவனாக வைத்து 'சரபேந்திர பூபாலக் குறவஞ்சி' பாடினார். இன்று தஞ்சையின் சரித்திரத்தை எழுதுகிறவர் யாரும் மராட்டியரை விட்டுவிட்டு எழுத முடியாது. 'அது அவங்க சரித்திரம்' என்று தஞ்சாவூர்க்காரன் எவனும் சொல்வதில்லை. அப்படியானால் இங்கே வந்து நாலு தலைமுறையாக உழைத்த நம்மை மட்டும் இந்த ஊர்ச் சரித்திரத்துக்கு வெளியே நாமே ஏன் நிறுத்திக்கொள்ள வேண்டும்?

ஞாயிறு வகுப்பில் செய்து பார்த்தவை

நம் சங்கத்தின் ஞாயிறு வகுப்பில் தொண்டராகப் பாடம் நடத்தும் நான், தீபாவளிக்குப் பிறகு சில வாரங்கள் கடைசி அரை மணி நேரத்தை இதற்கென்று ஒதுக்கிப் பார்த்தேன். செலவு என்று பெரிதாக எதுவும் இல்லை. மற்றவர்களும் செய்து பார்க்கட்டும் என்று விவரமாக எழுதுகிறேன்.

முதலாவது, காலக் கயிறு. நாலேகால் மீட்டர் கொடிக்கயிறு ஒன்று. ஒரு சென்டிமீட்டர் ஒரு வருஷம். ஒரு முனை 1600, மறு முனை 2025. துணி மாட்டும் கிளிப்பில் சீட்டு எழுதி மாட்டச் சொன்னேன். 30-ஆவது சென்டிமீட்டரில் சிவாஜி மகாராஜா பிறப்பு. 74-இல் முடிசூட்டு. 77-இல் செஞ்சி. 203-இல் தஞ்சைக் கல்வெட்டு. 248-இல் ஜோதிராவ் புலேயும் சாவித்திரிபாய் புலேயும் புனாவில் பெண்களுக்குப் பள்ளி தொடங்கியது. 253-இல் போரி பந்தரிலிருந்து தாணாவுக்கு முதல் ரயில். இரண்டுக்கும் நடுவே மூன்று விரல் இடைவெளிதான் என்று பிள்ளைகள்தான் கண்டுபிடித்தார்கள். 327-இல் அம்பேத்கர் மகாட் குளத்தில் இறங்கித் தண்ணீர் அள்ளிக் குடித்தது. 360-இல் மகாராஷ்டிரம் தனி மாநிலமானது.

பிறகு, "உங்கள் வீட்டில் முதலில் பம்பாய் வந்தவர் யார், எந்த வருஷம்? அதையும் மாட்டுங்கள்" என்றேன். என் சீட்டு 374-இல் விழுந்தது. முடிசூட்டுக்குச் சரியாக முந்நூறு வருஷம் கழித்து நான் வந்திருக்கிறேன் என்பதை ஒரு பத்து வயதுப் பெண் கழித்துப் பார்த்துச் சொன்னாள். நான் அதுவரை யோசித்ததே இல்லை. பெரும்பாலான பிள்ளைகளின் சீட்டுகள் கயிற்றின் கடைசி ஒரு முழத்தில் நெருக்கியடித்துக்கொண்டு நின்றன.

அதில் ஒரு சிறுமி. தாராவியிலிருந்து வருகிறவள். வகுப்பில் அதிகம் பேசமாட்டாள். அடுத்த வாரம் வீட்டில் விசாரித்துக்கொண்டு வந்து, தன் சீட்டை எல்லாருடையதற்கும் வெகு தூரம் முன்னால் கொண்டுபோய் மாட்டினாள். அவள் பாட்டியின் தாத்தா திருநெல்வேலிச் சீமையிலிருந்து தோல் பதனிடும் வேலைக்கு வந்தவராம். முதல் முதலாக அந்த வகுப்பில் எல்லாரும் அவளைத் திரும்பிப் பார்த்தார்கள். பாங்க் உத்தியோகத்துக்கு வந்த எங்களுக்கெல்லாம் முன்னால், 19-ஆம் நூற்றாண்டின் கடைசியிலிருந்தே இந்த ஊரின் தோல் தொழிலைத் தோளில் சுமந்தவர்கள் அவர்கள். தமிழர் சங்கங்களின் மலர்களில் அவர்கள் கதை எத்தனை பக்கம் வந்திருக்கிறது என்று நாம் நம்மையே கேட்டுக்கொள்ள வேண்டும். சரித்திரம் என்பது 'அவங்களுக்கும் நமக்கும்' நடுவில் மட்டுமல்ல, நமக்குள்ளேயும் சில கணக்குகளைச் சரி செய்யும்.

இரண்டாவது, ஊர்ப் பெயர் விளையாட்டு. நான் ஐம்பது வருஷம் குடியிருக்கும் சயான் ஸ்டேஷனில் மராத்தியில் 'சீவ்' என்று எழுதியிருக்கும். சீவ் என்றால் எல்லை. ஒரு காலத்தில் ஆங்கிலேயர் கையில் இருந்த பம்பாய்த் தீவுக்கும் போர்த்துகீசியர் கையில் இருந்த சால்சேட்டுக்கும் எல்லை இதுதான். அதனால்தான் ஸ்டேஷனுக்குக் கிட்டேயே குன்றின் மேல் ஒரு கோட்டை. ஜெரால்டு ஆங்கியர் கவர்னராக இருந்த 1669–1677 காலத்தில் கட்டியது. அதே ஆங்கியர்தான் ராய்கட் முடிசூட்டு விழாவுக்கு ஹென்றி ஆக்ஸிண்டனைத் தூதராக அனுப்பியவர். தாராவியில் மித்தி நதி ஓரம் 1737-இல் கட்டிய 'காலா கில்லா' இன்னமும் சிதைந்து நிற்கிறது. பஸ் டிப்போவுக்கே அந்தப் பெயர். தினம் அந்தப் பெயரைச் சொல்லி டிக்கெட் வாங்குகிறோம், கோட்டையைப் பார்த்ததில்லை. சிஞ்ச்போக்லியில் 'சிஞ்ச்' என்றால் புளி. பனஸ்வாடியில் 'பனஸ்' என்றால் பலா. நம் புளியங்குடி மாதிரிதான் என்று சொன்னால் பிள்ளைகளுக்கு மராத்தி சட்டென்று கிட்டத்தில் வந்துவிடுகிறது.

மூன்றாவது, 'கதையா, சான்றா?' விளையாட்டு. சாம்பாஜி பெயரால்தான் சாம்பாருக்கு அந்தப் பெயர் வந்தது என்று ஒரு கதை ஊரெல்லாம் உலவுகிறது. சுவையான கதைதான். பிள்ளைகளிடம் அதைச் சொல்லிவிட்டு, "யார் எழுதி வைத்தார்கள்? எப்போது? எங்கே பார்க்கலாம்?" என்று கேட்டேன். விழித்தார்கள். பெரிய கோயில் கல்வெட்டைப் பற்றி அதே கேள்விகளைக் கேட்டேன். சரபோஜி, 1803, கோயில் சுவர் என்று மூன்று பதிலும் வந்தன. சரித்திரத்துக்கும் செவிவழிக் கதைக்கும் வித்தியாசம் இதுதான் என்று நான் சொல்ல வேண்டியிருக்கவில்லை. செல்போனில் வரும் செய்திகளை எல்லாம் நம்பி அனுப்பிக்கொண்டிருக்கும் பெரியவர்களுக்கும் இந்த விளையாட்டு உதவும்.

நான்காவது, பெட்டித் திறப்பு. வீட்டில் இருக்கும் பழைய பொருள் ஒன்றைக் கொண்டுவந்து அதைப் பற்றி ஐந்து வாக்கியம் தமிழில் சொல்ல வேண்டும். பழைய ரேஷன் கார்டு, சால் வீட்டு வாடகை ரசீது, தாத்தாவின் ரயில்வே பாஸ், மூடிப்போன மில்லின் அடையாள அட்டை என்று வந்தன. 1982 ஜனவரியில் தொடங்கிய மில் வேலைநிறுத்தத்தைப் பற்றி, வேலை இழந்த ஒருவரின் பேரன் தாத்தாவைக் கேட்டு வந்து சொன்னான். 2005 ஜூலை 26-ஆம் தேதி சாந்தாகுரூஸில் ஒரே நாளில் 944 மில்லிமீட்டர் மழை கொட்டியது. அன்று ராத்திரி யார் எங்கே மாட்டிக்கொண்டார்கள், யார் வீட்டில் படுத்தார்கள் என்று ஒவ்வொரு பிள்ளையும் ஒரு கதை கொண்டு வந்தது. முன்பின் தெரியாத மராத்திக் குடும்பம் ஒன்று இரவு முழுக்கத் தங்க வைத்து, பொஹா கொடுத்து அனுப்பியதை ஒரு அம்மா எழுதியே அனுப்பியிருந்தார். இவையும் மகாராஷ்டிர மாநிலச் சரித்திரம்தான், ஐயா!

சில ஆட்சேபங்கள்

எதிர்ப்பு இல்லாமல் இல்லை. 'தமிழ் சொல்லிக் கொடுக்கவே வாரத்தில் இரண்டு மணி நேரம்தான் இருக்கிறது, அதிலும் இதுவா?' என்று ஒரு நண்பர் கேட்டார். நியாயமான கேள்வி. ஆனால் இந்த அரை மணியில் பிள்ளைகள் பேசியதெல்லாம் தமிழில்தான். 'அ, ஆ' எழுதச் சொன்னால் ஜன்னலைப் பார்க்கும் பையன், தாத்தாவின் பாஸைப் பற்றிப் பேச வார்த்தை தேடுகிறான். தேடும்போதுதான் மொழி வரும்.

'இதெல்லாம் பள்ளிக்கூடத்தின் வேலை' என்றார் இன்னொருவர். மத்தியப் பாடத்திட்டப் பள்ளியில் படிக்கும் பிள்ளைகளுக்கு மாநிலச் சரித்திரம் மிகக் குறைவாகவே கிடைக்கிறது. 2020-இல் வந்த சட்டத்தால் எல்லாப் பள்ளிகளிலும் மராத்தி கட்டாயம் ஆகியிருக்கிறது. மொழியை மட்டும் படித்து, அந்த மொழி பேசியவர்களின் கதை தெரியாவிட்டால் அதுவும் வெறும் மார்க்குதான். மாநிலப் பாடநூல் நிறுவனமான பாலபாரதியின் புத்தகங்கள் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. எந்தப் பாடத்திட்டப் பிள்ளையானாலும் ஒரு முறை புரட்டிப் பார்க்கட்டும். பைகுல்லா ராணி பாக்கில் பெங்குவின் பார்க்கக் கியூவில் நிற்கிறோம். அந்த வளாகத்தை ஒட்டியே பாவ் தாஜி லாட் அருங்காட்சியகம் இருக்கிறது. பழைய பம்பாயின் வரைபடங்களும், இந்த ஊரில் வாழ்ந்த பலவகை மக்களின் மண்பொம்மைகளும் அங்கே உண்டு. ஏறக்குறைய ஒரு கொலுதான்! பெங்குவினுக்கு ஒரு மணி நேரம் கொடுத்தால் அதற்கு அரை மணி கொடுக்கலாம்.

மூன்றாவது ஆட்சேபத்தைச் சற்றுத் தாழ்ந்த குரலில் சொன்னார்கள். 'அவர்கள் நம்மை என்ன பாடு படுத்தினார்கள் தெரியுமா?' 1960-களின் பின்பகுதியில் தென்னிந்தியருக்கு எதிராக இங்கே எழுந்த அலையை அவர்கள் குறிப்பிடுகிறார்கள். நான் வந்தது அதற்குப் பிறகு. ஆனால் கடைப் பலகையைத் துணி போட்டு மூடியவர்களின் வாயிலிருந்தே கேட்டிருக்கிறேன். அதை மறைக்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை. பிள்ளைகள் சற்றுப் பெரியவர்களானதும் அதையும் உள்ளபடி சொல்ல வேண்டும். அதே நாட்களில் நம்மவரைத் தம் வீட்டுக்குள் வைத்துக் கதவைச் சாத்திய மராத்திக்காரர்களைப் பற்றியும் சேர்த்துச் சொல்ல வேண்டும். கசப்பை மட்டும் கைமாற்றிக் கொடுத்தால் அதுவும் பாதிச் சரித்திரம்தான். பாதிச் சரித்திரம் எந்தப் பக்கத்துக்கும் நல்லதல்ல.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். மகாராஷ்டிரம் என்றால் கோட்டையும் வாளும் மட்டும் என்று நாம் நினைத்துக்கொள்ளக் கூடாது. 1848-இல் பெண்களுக்குப் பள்ளி திறந்த புலே தம்பதியரும், 1897-இல் பிளேக் நோயாளிகளுக்குப் பணிவிடை செய்து அந்த நோயிலேயே உயிர் விட்ட சாவித்திரிபாயும், மகாட் குளமும், மில் தொழிலாளியும் சேர்ந்ததுதான் அது. நம் பெண் குழந்தைகளுக்கு ஜனவரி 3, சாவித்திரிபாய் பிறந்த நாள் என்று தெரிந்திருக்க வேண்டாமா? அவரால்தான் இந்த மாநிலத்தில் பெண் பிள்ளை பை மாட்டிக்கொண்டு பள்ளிக்குப் போகும் வழி திறந்தது.

என் வேண்டுகோள்

சங்க நிர்வாகிகளுக்கும் பெற்றோர்களுக்கும் சில சிறிய விண்ணப்பங்கள். மாதத்தில் ஒரு ஞாயிறு, அரை மணி நேரம், இந்தச் சரித்திரத்துக்கு ஒதுக்குங்கள். நம் கட்டடங்களில் இருக்கும் ஆஜிகளையும் ஓய்வு பெற்ற மராத்தி ஆசிரியர்களையும் அழைத்து வாருங்கள். அவர்கள் மராத்தியில் பேசட்டும், பிள்ளைகள் நமக்குத் தமிழில் சொல்லட்டும். மே 1-ஆம் தேதி மகாராஷ்டிர தினத்தன்று, பிள்ளைகளின் காலக் கயிறையும் பெட்டிப் பொருள்களையும் சங்க மண்டபத்தில் காட்சிக்கு வைப்போம். கோடையில் ஊருக்குப் போகிறவர்கள் செஞ்சியில் ஒரு நாள் இறங்குங்கள். தஞ்சைக்குப் போனால் அந்த நாகரி எழுத்தைப் பிள்ளையைக் கொண்டு படிக்கச் சொல்லுங்கள். ஊரில் இருக்கும் மாமா பிள்ளைகளால் முடியாததை நம் பிள்ளை செய்து காட்டும். மும்பையில் படித்ததற்கு அது ஒரு பெருமை.

பேரனின் கோட்டையைப் பற்றிச் சொல்லி முடிக்கிறேன். மூன்று மலையும் நன்றாகவே வந்தன. ஒரு மலை மட்டும் காயும்போது கொஞ்சம் பிளந்துவிட்டது. முற்றுகையில் பீரங்கிக் குண்டு பட்டது என்று சமாளித்துக்கொண்டான். உச்சியில் நிறுத்த ஆஜி தம் வீட்டுப் பழைய சிவாஜி பொம்மையைக் கொடுத்தார். கீழே ஒரு பக்கம் தமிழில் 'செஞ்சி' என்றும், மறு பக்கம் மராத்தியில் 'ஜிஞ்ஜி' என்றும் அவனே எழுதி ஒட்டினான். பள்ளியில் டீச்சர், இது எங்கே இருக்கிறது என்று கேட்டாராம்.

"என்னடா சொன்னே?" என்றேன்.

"எங்க ஊர்லன்னேன். எந்த ஊர்னு கேட்டாங்க. ரெண்டும்தான்னு சொன்னேன்" என்றான்.

என் மகன் சாப்பிட்டுக்கொண்டிருந்தான். ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் அடுத்த ஞாயிறு, பேரனை வகுப்புக்கு அழைத்து வந்தவன் வாசலில் விட்டுவிட்டுப் போகாமல் உள்ளே வந்து உட்கார்ந்தான்.